வாடிக்கையாளர் சரிபார்க்கக்கூடிய நிதி ஆலோசகராக இருப்பது எப்படி?

நிதி ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில், உடை, பேச்சு, பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் முறை ஆகியவை பற்றி நிறையச் சொல்லித்தருகிறார்கள். தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் இவற்றால் பெரிய பயன் இருப்பதாக நான் கருதவில்லை. ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்களுக்குப் பணம் திரட்டியவர்களும், சீட்டுப் பிடித்துவிட்டு ஒரே இரவில் ஊரைக் காலி செய்தவர்களும் இனிமையாகப் பேசத் தெரிந்தவர்கள்தான். அவர்களிடம் பணத்தைத் தொலைத்தவரோ, தொலைத்தவரின் உறவினரோதான் இன்று உங்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார். நீங்கள் சொல்வதையெல்லாம், நீங்கள் உடன் இல்லாத நேரத்தில், தம் மகனையோ மருமகளையோ வைத்துக்கொண்டு அவர் சரிபார்த்துக்கொள்ள முடியுமானால், நம்பிக்கை அங்கிருந்து தொடங்கும்.

முதலில் உங்கள் பெயர்ப்பலகையைச் சரிபாருங்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின் கீழ்ப் பதிவு பெற்றவருக்கு ஐ.என்.ஏ. என்று தொடங்கும் எண் இருக்கும். அவர் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குகிறார். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் ஏ.ஆர்.என். எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவருக்குக் கமிஷன் கொடுப்பது ஃபண்ட் நிறுவனம். விநியோகஸ்தராக மட்டும் இருந்துகொண்டு ஆலோசகர் என்று பலகை மாட்டுவது விதிமீறல். செபியின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வரும் இளைஞர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதால், இது சட்டப் பிரச்சினையோடு நிற்பதும் இல்லை.

அடுத்தது உங்கள் வருமானம். பலரும் இதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். முதல் சந்திப்பிலேயே, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் விநியோகஸ்தர் என்றால், “ஐயா, நீங்கள் என் வழியாக ரெகுலர் பிளானில் போடும் 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 0.8 சதவீதம் கமிஷன் என்றால், சுமார் 8,000 ரூபாய் எனக்கு வரும்; அது உங்கள் பணத்திலிருந்துதான் கழிகிறது; 2013 ஜனவரி முதல் டைரக்ட் பிளான் என்ற வழியும் இருக்கிறது, அதில் இந்தக் கமிஷன் இல்லை” என்று ரூபாய்க் கணக்கிலேயே சொல்லுங்கள். மறைத்தாலும் பலன் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளருக்கு வரும் தொகுப்புக் கணக்கு அறிக்கையில் விநியோகஸ்தருக்குப் போன தொகை அச்சாகியே வருகிறது. அந்த 8,000 ரூபாய்க்கு நீங்கள் என்னென்ன செய்து கொடுப்பீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல முடியாவிட்டால், குறை உங்கள் சேவையில் இருக்கிறது என்று பொருள்.

முதல் சந்திப்பில் எதையும் விற்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பணிக்கொடைப் பணத்துடன் வருகிறார் என்றால், அவருடைய மனைவியையும் உடன் அழைத்துவரச் சொல்லுங்கள். வீட்டுக்கடன் பாக்கி, மகளின் திருமணத்துக்கான காலம், மருத்துவக் காப்பீடு, அடகில் இருக்கும் நகை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். அடகு நகையைப் பற்றி ஆண்கள் சொல்லத் தயங்குவார்கள், அம்மா சொல்லிவிடுவார். நகைக்கடனுக்கு 12 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, முதலில் அதை மீட்கச் சொல்வதே சரியான ஆலோசனை. அதில் உங்களுக்கு ஒரு காசு வராது. வராது என்பது அவருக்கும் தெரியும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் மற்றவற்றுக்கு மதிப்பு வேறாக இருக்கும்.

அவர் கையோடு கொண்டுவரும் பழைய பாலிசிகளை எடுத்தவுடன் குறைசொல்ல வேண்டாம். அதை விற்றவர் பெரும்பாலும் அவருடைய மைத்துனராகவோ உடன் பணிபுரிந்தவராகவோ இருப்பார். கணக்கை மட்டும் காட்டுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 20 ஆண்டுகள் கட்டி, முடிவில் 40 லட்சம் கிடைக்கும் பாலிசி, கேட்பவர் காதில் ‘இரட்டிப்பு’ என்று விழுகிறது. உண்மையில் அது ஆண்டுக்குச் சுமார் 6.2 சதவீத வளர்ச்சிதான். அவர் எதிரிலேயே எக்செல்லில் இருபது வரிகளாக இதைப் போட்டுக் காட்டி, அந்தத் தாளையும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள். தொடர்வதா, பெய்ட்-அப் ஆக்குவதா (இனிப் பிரீமியம் கட்டாமல், குறைந்த தொகைக்குப் பாலிசியை வைத்திருப்பதா) என்பதை வீட்டில் பேசி முடிவெடுக்கட்டும்.

இடர் பற்றிய பேச்சு பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு படிவத்தை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. ‘நடுத்தர இடர்’ என்ற கட்டத்தில் குறியிட்டவருக்கு அதன் பொருள் தெரிந்திருப்பதில்லை. 2020 ஜனவரி மத்தியில் 42,000 புள்ளிகளை ஒட்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே முடிந்தது. ஏறத்தாழ 38 சதவீதச் சரிவு. ஆகவே, “உங்கள் 10 லட்சம் இரண்டே மாதத்தில் 6,20,000 ஆகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை அவருடைய வார்த்தைகளிலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சந்தை விழும்போது இந்தத் தாள்தான் உதவும். அப்படிப்பட்ட வாரங்களில் அவர் அழைக்கும்வரை காத்திராமல் நீங்களே அழைக்க வேண்டும். சந்தை எப்போது மீளும் என்று ஆரூடம் சொல்லாமல், அவருக்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணம் வங்கி வைப்பில் இருக்கிறதா என்பதை மட்டும் அவருடன் சேர்ந்து சரிபார்த்தால் போதும்.

சில நடைமுறைகளில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காசோலை ஃபண்ட் நிறுவனத்தின் பெயருக்கே எழுதப்பட வேண்டும்; உங்கள் கணக்குக்கு ஒரு நாளும் பணம் வரக்கூடாது. அவராகவே நீட்டினாலும் ஓ.டி.பி.யையோ கடவுச்சொல்லையோ வாங்காதீர்கள். இவ்வளவு வரும் என்று வருமானத்துக்கு உறுதி அளிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

விலக விரும்பும் வாடிக்கையாளரை நடத்தும் விதத்தை ஊரே கவனிக்கும். டைரக்ட் பிளானுக்கு மாறப்போகிறேன் என்று ஒருவர் வந்தால் முகம் கோணாமல், அந்த மாற்றம் பழைய யூனிட்டுகளை விற்று வாங்குவதாகவே கருதப்படும் என்பதையும், பங்கு சார்ந்த ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளுக்கு நிதியாண்டில் 1,25,000 ரூபாயைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீத வரி உண்டு என்பதையும், சில திட்டங்களில் வெளியேறும் கட்டணம் இருப்பதையும் விளக்குங்கள். பிறகு, எந்த யூனிட்டுகளை இந்த நிதியாண்டிலும் எவற்றை அடுத்த ஏப்ரலுக்குப் பிறகும் மாற்றினால் வரி குறையும் என்று பட்டியலிட்டு, அவருடைய கோப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.