தோழியோடு சேர்ந்து டயட் இருக்கிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் என் தோழியும் அடுத்தடுத்த தெரு. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று போன வருடம் சேர்ந்து ஆரம்பித்தோம். சோறு, தானியத்தை விட்டு இறைச்சி, மீன், காய், கொட்டை சாப்பிடுகிற பேலியோ, 16 மணி நேர விரதம், சிறுதானியம், ஏழு நாள் ஜிஎம் டயட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காலையில் சில்வர் பீச் பக்கம் போனால் எங்களைப் போலவே ஜோடி ஜோடியாக நடக்கிறவர்கள் நிறைய பேர். அவர்களில் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, பெரிய தவறும் இதுதான்: ஒருத்திக்குப் போட்ட திட்டத்தை இன்னொருத்தியும் அப்படியே சாப்பிடுவது. அவளுக்குச் சர்க்கரை உண்டு, கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறாள். எனக்கு எந்த மாத்திரையும் இல்லை. மதியம் 12 மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது எனக்குப் பசியோடு போயிற்று. அவளோ காலை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்க வந்துவிட்டாள். ஒன்பதாவது நாள் கடற்கரையில் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சே குழறிவிட்டது. பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் தெளிந்தாள். நாம் உணவு சாப்பிடாமல் இருந்தாலும் இந்த வகை மாத்திரையும் இன்சுலினும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். 70-க்குக் கீழே போனாலே ஆபத்து.

பேலியோ, கீட்டோ மாதிரி மாவுச்சத்தை ரொம்பக் குறைக்கிற உணவுமுறையிலும் இதே கதைதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு, மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாதபோதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், "இப்படிச் சாப்பிடப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் தோழி கூப்பிட்டாள் என்பதற்காக இறங்கவே வேண்டாம்.

அப்புறம், முதல் வாரக் கணக்கை நம்புவது. பேலியோவில் முதல் வாரம் அவளுக்கு இரண்டரைக் கிலோ போனது, எனக்கு ஒரு கிலோ. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தத் தண்ணீர் இறங்குகிறது, அவ்வளவுதான். திரும்பச் சோறு சாப்பிட்டால் திரும்பி வரும். ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் அந்த உப்புக்கே மறுநாள் எடை ஏறிக் காட்டும், மாதவிடாய் நெருங்கும்போதும் அப்படித்தான். இது தெரியாமல் மூன்றாவது வாரம் எடை நின்றதும் "இது நமக்குச் சரிப்படலடி" என்று அடுத்த திட்டத்துக்குத் தாவினோம். நான்கு முறை தாவியதில் எது எங்களுக்கு ஒத்துவந்தது என்று சொல்லவே முடியாமல் போனது. குறைந்தது ஆறு வாரமாவது ஒன்றில் நில்லுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். ரொம்ப வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் வரக்கூட வாய்ப்பு உண்டு.

ஜிஎம் டயட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நாள் பழம் மட்டும், ஒரு நாள் காய் மட்டும் என்று இருந்தால் புரதம் போதாது, கொழுப்போடு தசையும் கரையும்.

சிறுதானியத்தில் நாங்கள் ஏமாந்தது அளவில். வரகு, சாமை, தினை எதுவானாலும் சமைக்காத 100 கிராமில் அரிசிக்கு நெருக்கமான கலோரிதான், 330-லிருந்து 370 வரை. நார்ச்சத்து கூடுதல், அதனால் பசி தாங்கும், நல்ல உணவு, மறுக்கவில்லை. ஆனால் சிறுதானியம்தானே என்று இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டால் எடை எப்படிக் குறையும்? பேலியோவில் கொட்டைகளும் அதே மாதிரி. பக்கத்தில் பண்ருட்டி, வீட்டில் முந்திரிக்குப் பஞ்சமே இல்லை. பேசிக்கொண்டே கொறித்ததில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. முந்திரி 100 கிராமே 550 கலோரிக்கு மேல். இன்னொன்று, அவகாடோ, சியா விதை என்று தேடித் தேடிப் பணம் செலவழித்தோம். நம் துறைமுகத்தில் வந்து இறங்குகிற மத்தி மீனில் இல்லாத புரதமா? குழம்பு வையுங்கள், பொரிக்காதீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போவோம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து நிம்மதியாக நடக்கலாம். நடந்து முடித்ததும் "ஒரு மணி நேரம் நடந்தோமே" என்று பஜ்ஜியும் டீயும். ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்தால் 200, 250 கலோரிதான் செலவாகும், ஒரு தட்டு பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒருத்தி தயங்கினால் இன்னொருத்தி "இன்னைக்கு மட்டும்தானே" என்று சொல்வாள். துணைக்கு ஆள் இருப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

எனக்கு இன்றும் மனது கஷ்டப்படுவது வேறு ஒன்றுக்கு. தினமும் எடையைப் போட்டோ எடுத்து ஒருத்திக்கொருத்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டத்தில் அவள் அனுப்புவதை நிறுத்திவிட்டாள், கேட்டால் மெஷினில் பேட்டரி போய்விட்டது என்றாள். நான் விடாமல் துருவியதால்தான் என்னிடம் பொய் சொல்ல வேண்டி வந்தது. இருபது வருடப் பழக்கத்தில் அதுவரை அப்படி நடந்ததில்லை. இப்போது எடையைப் பகிர்வதே இல்லை. மாதம் ஒரு முறை அவரவர் வீட்டில் இடுப்புச் சுற்றளவை மட்டும் அளந்துகொள்கிறோம். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது.

சாப்பாடு இப்போது அவரவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி. அவள் டாக்டர் சொன்னபடி மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், சோறு ஒரு கப், மீதி காயும் மீனும். நான் ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறேன். காலை நடையும், மார்க்கெட்டுக்குப் போவதும் மட்டும் சேர்ந்துதான். அவள் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும், என் பையிலும் ஒன்று.