அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வி உதவிகள்: எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று பல கல்வி உதவிகள் இருக்கின்றன. தகுதி இருந்தும் அவை கைநழுவிப் போவது, விவரம் காலத்தில் தெரியாததாலும் சான்றிதழ்கள் தயாராக இல்லாததாலும்தான். எனவே பெற்றோரோ, தெருவில் முதலில் கல்லூரிக்குப் போன அண்ணனோ அக்காவோ, பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் எழுத வேண்டியது தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்கு மிகாமல் இருந்தால், பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். பாடப் பகுதியை வகுப்பிலேயே படித்துவிடலாம். எண் தொடர், உருவ ஒப்புமை போன்ற மனத்திறன் வினாக்களுக்குத்தான் தனிப் பயிற்சி தேவை. கிளை நூலகத்திலோ ஊர்ப் பொதுக் கட்டடத்திலோ மாலையில் நான்கைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, பழைய வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதச் செய்தால் போதும். கிராமப்புறப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வையும் எழுதலாம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எடுக்கும் முடிவில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால், மேல்நிலைக் கல்விக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதன்கீழ்ப் பொறியியலில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளுக்காகப் பள்ளி மாற்றினால், கடன் வாங்கிக் கட்டும் கட்டணத்தோடு இந்த வாய்ப்பும் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்காமல் மாற்றுச் சான்றிதழ் வாங்காதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சான்றிதழ்களைப் பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே சரிபார்க்க வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னாலும், வங்கிப் புத்தகத்தில் பின்னாலும், மதிப்பெண் பட்டியலில் தந்தையின் முழுப் பெயராகவும் இருந்தால், சேர்க்கை நேரத்தில் அலைச்சல் மிஞ்சும். சாதி, வருமானச் சான்றுகளோடு, குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லையெனில் முதல் பட்டதாரி சான்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வெளியான வாரத்தில் அங்கே கூட்டம் நெருக்கும். விண்ணப்பம் வருவாய்த்துறையில் பல மேசைகளைக் கடக்கவும் வேண்டும் என்பதால் முன்னதாகவே செல்வது நல்லது.

கல்லூரியில் சேர்ந்தபின், பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், படிப்பு முடியும்வரை மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது. கல்லூரி வழியாகவே பதிவு செய்ய வேண்டும். மாணவரின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐயம் எழுந்தால், பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.