லவண்டருக்குக் கிளம்பும் முன்: ஐ.சி.ஏ. தலைமையகத்தில் எந்த வேலை நடக்கும், எது நடக்காது

சிங்கப்பூர்த் தேக்காவில் யாரிடம் கேட்டாலும் "இமிக்ரேஷனா? லவண்டருக்குப் போங்க" என்றுதான் வழி சொல்வார்கள். குடிநுழைவு ஆணையமான ஐ.சி.ஏ.வின் தலைமையகம் அங்கேதான், இடம் சரிதான். ஆனால் ஒர்க் பர்மிட் புதுப்பிக்க வேண்டிய தம்பி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே போய் நின்றால் ஒன்றும் ஆகாது. நம் வேலை எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம், அதாவது ஐ.சி.ஏ., உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. சிங்கப்பூர்க் கடப்பிதழ், அடையாள அட்டை, நிரந்தரவாசம், குடியுரிமை, மாணவர் அனுமதி, குடிமக்கள் மற்றும் நிரந்தரவாசிகளின் குடும்பத்தாருக்கான நீண்டகால வருகை அனுமதி, சுற்றுலா வந்தவர்கள் தங்கும் நாளை நீட்டிப்பது ஆகியவை இவர்கள் பொறுப்பு. வேலை அனுமதிகளான ஒர்க் பர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் மூன்றும் மனிதவள அமைச்சுக்கு உரியவை. இல்லப் பணிப்பெண்ணின் அனுமதியும் அங்கேதான். மனிதவள அமைச்சின் சேவை நிலையம் 1500 பெண்டமியர் ரோட்டில் இருக்கிறது.

அதிகம் பேர் தடுமாறுவது குடும்பத்தை அழைத்துவரும்போதுதான். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பவரின் மனைவிக்கும் பிள்ளைக்கும் அனுமதி கேட்பது மனிதவள அமைச்சிடம். சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி ஒருவரின் மனைவிக்குக் கேட்பது ஐ.சி.ஏ.விடம். யாரை அழைக்கிறோம் என்பதோடு அழைப்பவர் கையில் இருக்கும் அட்டை எது என்பதையும் பாருங்கள். இந்தியக் கடப்பிதழ் புதுப்பிப்பு இந்த இரண்டிலும் சேராது, அது இந்தியத் தூதரகத்தின் வேலை.

தலைமையகக் கட்டடம் 10 காலாங் ரோட்டில், லவண்டர் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் பக்கத்திலேயே, 2 கிராஃபோர்ட் ஸ்திரீட்டில், புதிய சேவை நிலையம் திறந்தார்கள். பொதுமக்களுக்கான முகப்புகள் இப்போது அங்கே. பழைய கடிதத்தையோ நண்பர் சொன்ன மாடி எண்ணையோ நம்பிப் போக வேண்டாம். முன்பதிவு உறுதிக் கடிதத்தில் எந்த முகவரி, எந்த மாடி என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. லிட்டில் இந்தியாவிலிருந்து வருபவர்கள் டவுன்டவுன் பாதையில் ரோச்சோரைத் தாண்டி பூகிஸில் இறங்கி, கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லவண்டர்.

நேரில் போவதற்கு முன்பதிவு தேவை, அதை ஐ.சி.ஏ. இணையத்தளத்திலேயே செய்யலாம். ஆனால் பெரும்பாலான வேலைகளுக்குப் போகவே வேண்டாம். குழந்தை பிறந்தால் 42 நாளுக்குள் அரசின் லைஃப்எஸ்ஜி கைப்பேசிச் செயலியிலேயே பதிந்துவிடலாம். 2022 மே 29 முதல் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் மின்வடிவில்தான் வருகின்றன. 2023 பிப்ரவரி 27 முதல் நீண்டகால வருகை அனுமதிக்கும் மாணவர் அனுமதிக்கும் பிளாஸ்டிக் அட்டை கிடையாது, அரசின் மின்னடையாளச் செயலியான சிங்பாஸிலேயே காட்டலாம். கைரேகை, கருவிழி பதிவு, நேர்காணல், மூல ஆவணங்களைக் காட்டுவது போன்றவற்றுக்குத்தான் ஆள் நேரில் தேவை.

விண்ணப்பம் தாமதமாவது பெரும்பாலும் ஆவணங்களால்தான். அதிலும் நம் ஆட்களுக்குப் பெயரால். பள்ளிச் சான்றிதழில் "எம். செல்வம்", கடப்பிதழில் "செல்வம் முருகன்", திருமணச் சான்றிதழில் "மு. செல்வம்" என்று இருந்தால், மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குப் புரியும். இன்ஷியல் பழக்கம் தெரியாத அதிகாரிக்கு அவை மூன்று பெயர்கள். விண்ணப்பப் படிவத்தில் கடப்பிதழில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள், அழகுக்காகப் பெயரை முன்பின் மாற்ற வேண்டாம். மற்ற சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால், அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாராக வைத்திருப்பது நல்லது. ஊரிலிருந்து அதை வாங்கி அனுப்ப நாளாகும், கேட்ட பிறகு ஓடினால் கெடு தாண்டிவிடும்.

தமிழில் மட்டும் இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழுக்கு அதிகாரபூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நாமே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டால் ஏற்கமாட்டார்கள். தூதரகமோ நோட்டரியோ உறுதிப்படுத்தியதாக இருக்க வேண்டும். சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரையோ குறிப்போ இருந்தால் அதையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், பலர் அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடைசி மூன்று மாதத்துக்குள் எடுத்தது. இணையத்தில் ஏற்ற 400க்கு 514 பிக்சல். வெள்ளைச் சட்டை பின்னணியோடு கலந்து தோள்பட்டை மறைந்துவிடும், அதனால் நிறச் சட்டை போடுங்கள். கண்ணாடியில் ஒளி பளபளத்தாலும் முகத்தில் நிழல் விழுந்தாலும் நிராகரித்துவிடுவார்கள்.

பணம் பறிக்கும் போலித் தளங்களும் உண்டு. சிங்கப்பூருக்கு வருபவர்கள் இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டை இலவசம், வந்துசேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். காசு கேட்கும் பக்கத்தை மூடிவிடுங்கள். இணைய முகவரி "கவ் டாட் எஸ்ஜி" (gov.sg) என்று முடிகிறதா என்பதைப் பார்ப்பது அவசியம்.

ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது தேதியில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தரும் விசா, சிங்கப்பூருக்குப் பயணம் செய்து வருவதற்கானது. அதன் காலாவதித் தேதி தங்கும் நாளைச் சொல்லாது. எத்தனை நாள் தங்கலாம் என்பது நுழைவின்போது மின்னஞ்சலில் வரும் இ-பாஸில் இருக்கிறது. அம்மாவுக்கு மின்னஞ்சல் பார்க்கத் தெரியாது என்றால் வருகை அட்டையில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், கடைசித் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அனுமதி முடிந்து 90 நாளுக்குள் பிடிபட்டால் 4,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூட விதிக்கப்படலாம். 90 நாளைத் தாண்டினால் ஆண்களுக்குப் பிரம்படியும் சேரலாம். பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போய்ப் பயணத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தால், மருத்துவரின் கடிதத்தோடு இ-பாஸில் இருக்கும் கடைசித் தேதிக்கு முன்பே இணையத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.