செஸ் எஞ்சினை சி++ 20-க்கு மாற்றுவது: விண்டோஸ், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை மூன்றிலும் ஓட

என் எஞ்சின் வேளச்சேரி வீட்டு லினக்ஸ் மெஷினில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பூர் நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் கம்பைலே ஆகவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த ராஸ்பெர்ரி பையில் கம்பைல் ஆனது, ஆனால் காலிக் கட்டத்திலிருந்தெல்லாம் காய் நகர்த்தியது! காரணம் சின்னது. காலிக் கட்டத்துக்கு -1 என்று வைத்து அதை 'சார்' வகையில் போட்டிருந்தேன். இன்டெல் மெஷினில் சார் சைன்ட் (கழித்தல் எண்ணையும் ஏற்கும்), ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் லினக்ஸில் அன்சைன்ட் (ஏற்காது). அங்கே -1 போய் 255 ஆகிவிட்டது, அப்புறம் எந்த ஒப்பீடு சரியாக வரும்?

மாற்ற ஆரம்பிக்கும் முன் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள், இதை விட்டுவிட்டு யாரும் ஒரு வரியைக்கூடத் தொடாதீர்கள். முதலாவது பெர்ஃப்ட், அதாவது ஒரு நிலையிலிருந்து 1, 2, 3 என்று ஒவ்வொரு ஆழத்துக்கும் மொத்தம் எத்தனை நகர்த்தல் வரிசைகள் உண்டு என்று எண்ணும் சோதனை. ஆரம்ப நிலையிலிருந்து 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று வரவேண்டும். அது மட்டும் போதாது, ஏனென்றால் ஆரம்ப நிலையில் 5 ஆழம் போனாலும் ஒரு கேஸ்லிங்கூட வராது. அதனால் கேஸ்லிங் போன்றவற்றைச் சோதிக்க எல்லோரும் பயன்படுத்தும் கிவிபீட் என்ற நிலையையும் ஓட்டுங்கள், 48, 2,039, 97,862, 40,85,603. இரண்டாவது, சில நிலைகளை ஒரே த்ரெட்டில், குறிப்பிட்ட ஆழம்வரை தேடி வரும் மொத்த நோட் எண்ணிக்கை, அதாவது பெஞ்ச். மெஷின் மாறினால் வேகம் மாறலாம், இந்த எண் மாறக்கூடாது.

அடுத்து, எப்படிக் கம்பைல் செய்யவேண்டும் என்று சொல்லும் சிமேக் ஃபைல். ஸ்டாண்டர்டு 20, ரிக்வயர்டு ஆன், எக்ஸ்டென்ஷன்ஸ் ஆஃப். மூன்றும் வேண்டும். ரிக்வயர்டு போடவில்லை என்றால் கம்பைலர் பழசாக இருக்கும்போது சிமேக் சத்தமில்லாமல் கீழே உள்ள ஸ்டாண்டர்டுக்கு இறங்கிவிடும், நீங்கள் 20 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். கம்பைலர் ஜிசிசி 11 இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம், உபுண்டு 22.04-இல் அதுதான் வருகிறது. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ 2022 போதும்.

சி++ 17 போதாதா என்று கேட்பீர்கள். பிரபல செஸ் எஞ்சின் ஸ்டாக்ஃபிஷ் 16 சி++ 17-இல் எழுதியதுதான், ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் 20-இல் 'பிட்' என்ற ஹெட்டர் வருகிறது, பிட்போர்டு (64 கட்டங்களுக்கு 64 பிட் கொண்ட ஒரே எண்) வைத்து எழுதும் நமக்கு அது ஒன்றே போதுமான காரணம். இதுவரை என்ன செய்துகொண்டிருந்தோம்? ஒரு கட்டத்தின் எண்ணை எடுக்க ஜிசிசிக்கு ஒரு பில்ட்-இன், மைக்ரோசாஃப்டுக்கு பிட்ஸ்கேன், தெரியாத கம்பைலருக்கு ஒரு டேபிள், நடுவில் கம்பைலரைப் பார்த்துக் கோடைப் பிரிக்கும் இஃப்டெஃப் சுவர். இப்போது கவுண்ட்ஆர்-ஸீரோ (முதல் 1 எந்த இடத்தில்), பாப்கவுண்ட் (மொத்தம் எத்தனை 1) என்று இரண்டே ஃபங்ஷன், எல்லாக் கம்பைலரிலும் ஒன்றுதான். ஜீரோவைக் கொடுத்தால் ஜிசிசி பில்ட்-இன்னின் விடை வரையறுக்கப்படாதது. புதியது 64 என்று தெளிவாகத் தருகிறது. இன்னொரு லாபம், இவை அன்சைன்ட் வகையை மட்டுமே ஏற்கும், பிட்போர்டைத் தப்பித்தவறி சைன்டாக வைத்திருந்தால் கம்பைலரே திட்டும்.

அந்தத் திட்டலை வரவேற்று, கோட் முழுக்க 'லாங்' என்று எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். 1-ஐ லாங்காக எழுதி 40 இடம் நகர்த்தினால் லினக்ஸில் ஏ6 கட்டம் கிடைக்கும், விண்டோஸில் குப்பை. எல்லாவற்றையும் யுஇன்ட்64 ஆக்குங்கள். சார் சிக்கலுக்கு இன்ட்8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். பை கையில் இல்லையா? ஜிசிசியில் 'எஃப்அன்சைன்ட்-சார்' ஃப்ளாக் போட்டு பெர்ஃப்ட் ஓட்டினால் வீட்டிலேயே பிழை தெரிந்துவிடும். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

பெர்ஃப்ட் சரியாக வந்தும் பெஞ்ச் மட்டும் மாறினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஸோப்ரிஸ்ட் சாவிகள், அதாவது ஒவ்வொரு நிலைக்கும் ஒரு அடையாள எண் உண்டாக்கப் பயன்படும் ரேண்டம் எண்கள். பழைய ரேண்ட் ஃபங்ஷன் மைக்ரோசாஃப்டில் 32,767-க்கு மேல் போகாது, லினக்ஸில் 2,14,74,83,647 வரை போகும், சாவிகள் எப்படி ஒன்றாக இருக்கும்? எம்டி19937-64 ஜெனரேட்டருக்கு மாறுங்கள். அதன் வரிசை ஸ்டாண்டர்டிலேயே உறுதி செய்யப்பட்டது, டீஃபால்ட் சீடில் 10,000-ஆவது எண் எங்கும் 9981545732273789042 தான். ஆனால் அதன்மேல் டிஸ்ட்ரிபியூஷன் (எண்களைக் குறிப்பிட்ட எல்லைக்குள் கொண்டுவரும் லைப்ரரி வசதி) எதையும் போடாதீர்கள், அந்த உறுதி அதற்குக் கிடையாது. இரண்டாவது, நகர்த்தல்களை வரிசைப்படுத்தும் சார்ட். ஒரே மதிப்பெண் உள்ள இரண்டு நகர்த்தல்களில் எது முதலில் வரும் என்று அது சொல்வதில்லை, லைப்ரரிக்கு லைப்ரரி வேறு. ஸ்டேபிள் சார்ட் போடுங்கள், அல்லது முப்பது நாற்பது நகர்த்தல்தானே, கையால் ஒரு இன்செர்ஷன் சார்ட் எழுதினால் முடிந்தது.

த்ரெட்டுக்கும் கடிகாரத்துக்கும் சி++ 11-இல் வந்ததே போதும், கடிகாரம் மட்டும், சிஸ்டம் நேரத்தை மாற்றினாலும் பின்னால் போகாத ஸ்டெடி கிளாக்காக இருக்கட்டும். ஹெட்டர்களுக்குப் பதிலாக 20-இல் வந்த மாட்யூல்களை இப்போது தொடாதீர்கள், பில்ட் செய்யும் விதம் கம்பைலருக்குக் கம்பைலர் வேறாக இருக்கிறது, நாம் தப்பிக்க நினைக்கும் தலைவலியே அதுதான்.

பைனரியை வெளியே கொடுக்கும்போது, உங்கள் ப்ராசஸருக்கென்றே கம்பைல் செய்யச் சொல்லும் 'நேட்டிவ்' ஃப்ளாக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் புது ப்ராசஸரில் பறப்பது பழைய லேப்டாப்பில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று படுத்துவிடும். அதற்காகப் பொதுவான பில்டு மட்டும் கொடுத்தால் பாப்கவுண்ட் மெதுவாகும், ஹெட்டர் மாற்றியதால் சிபியு இன்ஸ்ட்ரக்ஷன் தானாக வந்துவிடாது. பாப்கவுண்ட் இன்ஸ்ட்ரக்ஷன் உள்ள ப்ராசஸர்களுக்கு எக்ஸ்86-64-வி2 என்று ஒரு பில்டு, எதிலும் ஓடும் பில்டு ஒன்று, இரண்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக் கமிட்டாகப் போட்டு, மெசேஜில் பெஞ்ச் எண்ணையும் எழுதுங்கள். எண் எந்தக் கமிட்டில் மாறியது என்று தேட வேண்டிய நாள் நிச்சயம் வரும், பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு.