ஏ பக்கம், பி பக்கம்: பிளேட் பெட்டிக்கு மின்சாரக் கணக்குப் போடுவது எப்படி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றின் சர்வர் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு பழைய டெல் எம்1000இ பெட்டி. 16 பிளேட் (பெட்டிக்குள் செருகும் மெல்லிய சர்வர்) இடம், பின்புறம் கீழ் வரிசையில் ஆறு பவர் சப்ளை, ஒவ்வொன்றும் 2,360 வாட். மூன்று பவர் சப்ளை ஏ பக்கம், மூன்று பி பக்கம், அதாவது இரண்டு தனித்தனி மின் லைன். திரையில் எல்லாமே பச்சை. ஒரு வருடம் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஏ பக்க யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்ற வேண்டிய நாள் வந்தது. ஏ லைனை அணைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீங்களா அண்ணே, இதுக்குத்தான் ரெண்டு லைன்" என்று எங்கள் சார்ஜ்மேனிடம் (மின்சாரப் பொறுப்பாளர்) பெருமையாகச் சொன்னேன். கோப்பி குடிக்கக் கீழே இறங்கினோம். இருபது நிமிடம் கழித்து பி பக்க பிரேக்கர் விழுந்தது. பெட்டி முழுக்க இருட்டு.

மேலே ஓடி வந்து பார்த்துவிட்டு அண்ணன் கேட்டது இவ்வளவுதான்: "ரெண்டு பேரு சேர்ந்து மூட்டை தூக்குறாங்க. ஒருத்தன் கையை எடுத்தா மத்தவன் முழுசாத் தூக்கணுமே, அதை யோசிச்சியாம்மா?"

யோசிக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் 21 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 32 ஆம்பியர் பிரேக்கரில் 21 என்றால் இன்னும் இடம் இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் போனால் 42. அந்த அளவு மீறலுக்கு பிரேக்கர் உடனே விழாது. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைய நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் நாங்கள் கோப்பி குடித்தோம்.

இப்போது புதுப் பெட்டி எது வந்தாலும் நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் திரையை மறந்துவிட்டு, டார்ச்சோடு ரேக்கின் பின்னால் போங்கள். ஒவ்வொரு பவர் கேபிளையும் கையால் பிடித்துக்கொண்டே போய் எந்த பிடியுவில் (ரேக்கில் சாமான்களைச் செருகும் மின் பட்டை) முடிகிறது என்று பாருங்கள். லேபிளை நம்பாதீர்கள், லேபிள் ஒட்டியவர் அவசரத்தில் ஒட்டியிருப்பார். எம்1000இ-யில் 1, 2, 3 ஒரு பக்கமும் 4, 5, 6 மறுபக்கமும் போக வேண்டும். கேபிள் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிச் செருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடியுவோடு நின்றுவிடாதீர்கள். அது எந்த யுபிஎஸ், அந்த யுபிஎஸ் எந்த டிபி பெட்டி (சுவரில் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி), எந்த பிரேக்கர் என்று சுவர் வரைக்கும் போங்கள். இரண்டு பிடியுவும் கடைசியில் ஒரே யுபிஎஸ்ஸில் முடிந்தாலும் பெட்டி பச்சைதான் காட்டும். ஆறு பவர் சப்ளைக்கும் மின்சாரம் வருகிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

அடுத்து அளவு எடுங்கள். பிடியுவில் ஆம்பியர் காட்டும் திரை இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் கிளாம்ப் மீட்டர். அதை முழு கேபிளையும் சுற்றி மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். லைவ் வயர் ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டும். அதற்கு டிபி பெட்டியைத் திறக்க வேண்டும், அது நம் வேலையில்லை. பதிவு பெற்ற வயர்மேனையோ சார்ஜ்மேனையோ கூப்பிடுங்கள். மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடும் இரவு மாதிரி வேலை உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இப்போது கணக்கு. நம் மின்வாரியமான டிஎன்பி தருவது 230 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் இன்னும் 240 என்பார்கள், அந்தப் பத்து வோல்ட் கையில் இல்லாத வாட்டை இருப்பதாகக் காட்டிவிடும். 32 ஆம்பியர் பிரேக்கரில் நாள் முழுக்க ஓடும் சுமையை 80 விழுக்காட்டுக்கு மேல் நான் விடுவதில்லை. ஆக 25.6 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 5,888 வாட். இந்த வகை பவர் சப்ளையில் பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதில் நிஜமாக வாட்டாகும் பங்கு) ஒன்றுக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கணக்கு போதும்.

ஒரு பக்கத்து மூன்று பவர் சப்ளையைக் கூட்டினால் 7,080 வாட். அவ்வளவும் தனக்கு உண்டு என்றுதான் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். பிரேக்கரோ 5,888-க்கு மேல் வேண்டாம் என்கிறது. சின்ன எண் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. இன்னொன்று, அந்த 5,888 பெட்டிக்கு மட்டும் சொந்தமில்லை. அதே பிடியுவில் செருகியிருக்கும் மற்ற சாமான்களைக் கழிக்க வேண்டும். அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது அதுதான். பெட்டி 6,400 வாட் எடுத்தது. பிற்பாடு வந்து சேர்ந்த ஸ்டோரேஜும் சில சர்வர்களும் 3,200 வாட். கழித்துப் பார்த்தால் பெட்டிக்கு மிஞ்சுவது 2,688. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டோரேஜையும் அந்த சர்வர்களையும் வேறு ஒரு ஜோடி லைனுக்கு மாற்றினோம். பெட்டிக்கு 5,800 என்று எல்லை வைத்தோம்.

இனி திரைக்கு வரலாம். காப்புக்கு, அதாவது ஒன்று போனாலும் மற்றது தாங்குவதற்கு, மூன்று தேர்வு இருக்கும்: காப்பே இல்லாதது, ஒரு பவர் சப்ளை கெட்டால் தாங்குவது, ஒரு லைன் முழுக்கப் போனாலும் தாங்குவது. எம்1000இ-யில் மூன்றாவதைக் கிரிட் என்றோ ஏசி என்றோ போட்டிருக்கும். இரண்டு லைன் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் உள்ளது பவர் சப்ளை கெட்டால் காப்பாற்றும், பிரேக்கர் விழுந்தால் காப்பாற்றாது.

மின் எல்லையை வாட், பிடியு, விழுக்காடு என மூன்று அலகிலும் கொடுக்கலாம். இந்த பிடியு வெப்ப அலகு, செருகுகிற பிடியு வேறு. வாட் கட்டத்தில்தான் எழுதுகிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காப்பைவிட வேகம் முக்கியம் என்கிற மாதிரி ஒரு தேர்வும் அங்கே இருக்கும். அதைத் தொடாதீர்கள். தொட்டால், நெருக்கடியில் பிளேட்களை மெதுவாக்குவதற்குப் பதில் இரண்டாம் லைனின் பங்கையும் பெட்டி செலவழித்துவிடும்.

முன்னுரிமைக்கு வாருங்கள். 1 முதல் 9 வரை, 1-தான் உயர்ந்தது. வந்தபடியே விட்டால் எல்லா பிளேடும் 1. எல்லாரும் முதல் வரிசை என்றால் வரிசையே இல்லை. எங்கள் டேட்டாபேஸ் இரண்டுக்கும் 1, உற்பத்தி லைன் பார்க்கிற பிளேட்களுக்கு 2, சோதனை பிளேட்களுக்கு 9. மின்சாரம் எல்லையைத் தொட்டால் 9-இல் இருப்பவை முதலில் மெதுவாகும். எல்லைக்குள் மின்சாரம் போதாவிட்டால் புது பிளேட் ஆன் ஆகவே ஆகாது. பிளேட் கெட்டுவிட்டதென்று மாற்று பிளேடுக்கு ஆர்டர் போடப் போனார் ஒருவர். பெட்டியின் பதிவேட்டைத் திறந்து காட்டித் தடுத்தேன்.

கடைசியாக சோதனை. நிஜமாகவே ஒரு பக்கத்தை அணைத்துப் பாருங்கள். எங்களுக்கு உற்பத்தி லைன் ஓடாத நாளாகக் கிடைத்தது தைப்பூசம். ஊரே தண்ணீர்மலையில் இருக்க, நான் பிடியு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏ-யை அணைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கைதட்டாதீர்கள், ஒரு மணி நேரமாவது விடுங்கள். சிஸ்டத்தில் முழு வேலையும் ஓட வேண்டும். அப்போதுதான் ஒற்றை கேபிள் சாமான்களும் மாட்டும். எங்களிடம் ஒரு சுவிட்ச் அப்படி இருந்தது, சர்வர்கள் எல்லாம் உயிரோடு, நெட்வொர்க் மட்டும் செத்துப்போயிற்று. ஏ-யைத் திரும்பப் போட்டதும் பி-யில் கை வைக்காதீர்கள். காப்பு திரும்பிவிட்டது என்று பெட்டி சொல்லும்வரை காத்திருந்து, அதன் பிறகு பி.

அன்றைக்கு பி பக்கம் 24 ஆம்பியரில் நின்றது, ஏறவில்லை. ரேக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன்: "ஏ + பி கூட்டினால் 25-க்குள். புதிதாக எதையும் செருகும் முன் கூப்பிடுங்கள்." மலாயிலும் எழுதி, கீழே என் எக்ஸ்டென்ஷன் எண்ணையும் போட்டேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு, பேனா வாங்கி 25-க்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.