சிறப்புக் கல்வி படிக்கப் போகிறீர்களா? கட்டணம் கட்டும் முன் ஒரு நடை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "மேடம், ஸ்பெஷல் பி.எட். எங்க படிச்சா வேலை கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு நினைக்கிறீங்க?" அந்தப் பக்கம் பேச்சே இருக்காது. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: பத்து நாள் போய் உட்காருங்கள்

விண்ணப்பம் வாங்கும் முன், பக்கத்தில் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிக்கோ, வளர்ச்சி தாமதமான மழலைகளுக்கான ஆரம்பநிலை பயிற்சி மையத்துக்கோ போய் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பாய் விரிப்பது, விளையாட்டுச் சாமான் துடைப்பது என்று வேலையும் தருவார்கள்.

சின்னக் குழந்தைகளோடு செய்யும் வேலை, கரும்பலகை முன் நிற்கும் வேலை இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஒன்றரை வயதாகியும் உட்காராத, பேச்சு வராத ஒரு பிள்ளை. கூடவே ஆச்சி: "இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான், எல்லாம் சரியாயிரும்." அந்த ஆச்சியைப் பகைக்காமல் பேசத் தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி. நமக்குக் கிடைப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டில் இருக்கிறது. ஆகவே நாம் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி அம்மாவுக்குத்தான்: பழைய சேலையைச் சுருட்டி அண்டக்கொடுத்து உட்கார வைப்பது, குளிப்பாட்டும்போது கை, கால் என்று பெயர் சொல்லித் தேய்ப்பது, ஒரு கையில் பால் டம்ளரும் மறுகையில் பிஸ்கட்டும் காட்டி "எது வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. இந்தக் காத்திருப்பதுதான் கஷ்டம். முதல் வருடம் நான் பத்து விநாடி கூடப் பொறுக்காமல், பிள்ளைக்குப் பதில் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் முடிந்து பதினோராவது நாளும் போகத் தோன்றினால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: பிரிவைத் தேர்ந்தெடுங்கள்

பட்டயம், பி.எட். இரண்டிலும் பிரிவு உண்டு. பார்வைத்திறன் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. ஆட்டிசத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகளுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 21-க்கும் ஒரே சான்றிதழ் கிடையாது. எடுத்த பிரிவு கடைசிவரை உங்கள் சான்றிதழில் நிற்கும். "சீட் இருந்தது, சேர்ந்துட்டேன்" என்று சேராதீர்கள்.

இன்னொரு குழப்பம்: சிறப்பாசிரியர் வேறு, தெரபிஸ்ட் வேறு. பேச்சுப் பயிற்சிதான் உங்கள் விருப்பம் என்றால் படிக்க வேண்டியது பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சு-மொழிப் பட்டப்படிப்பு, நான்கு ஆண்டு. இயன்முறை (பிசியோதெரபி), செயல்முறைப் பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) இரண்டுக்கும் தனிப் பட்டப்படிப்புகள் உள்ளன.

படி 3: உங்கள் தகுதிக்கேற்ற படிப்பு

பிளஸ் டூவில் 50 சதவீதம் இருந்தால் இரண்டு ஆண்டு சிறப்புக் கல்விப் பட்டயம், அதாவது டி.எட். எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி. பட்டம் முடித்தவர்களுக்கு பி.எட்., அதற்கு மேல் எம்.எட். ஏற்கெனவே சிறப்புக் கல்வி, தெரபி, மருத்துவம் போன்ற துறையில் பட்டம் பெற்றவர்கள் மழலைப் பருவத்தில் ஆழமாக இறங்க, ஆரம்பநிலை இடையீட்டில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் உண்டு.

சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். படிப்பும் நடக்கிறது, குழந்தைகளுக்கான சேவையும் நடக்கிறது. தென்மாவட்டக்காரர்களுக்கு, தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம் இருக்கிறது. காது கேளாத மழலைகளோடு எப்படிப் பேச்சை வளர்க்கிறார்கள் என்று பார்க்க, 1969 முதல் இயங்கும் சென்னை பால வித்யாலயா.

படி 4: அங்கீகாரம் பாருங்கள்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், சுருக்கமாக ஆர்.சி.ஐ. 1992 சட்டத்தின்படி அமைந்தது. கல்லூரி பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது; நீங்கள் சேரும் படிப்பு, பிரிவு, கல்வியாண்டு மூன்றும் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் இருக்க வேண்டும். என் தோழி ஒருத்தி சேர்ந்த இடத்தில் அங்கீகாரம் முந்தைய ஆண்டோடு முடிந்திருந்தது. வரவேற்பறைச் சுவரில் பழைய சான்றிதழ் பிரேம் போட்டுத் தொங்கியது. அவள் அதைத்தான் நம்பினாள். கட்டணமும் திரும்பவில்லை, ஒரு வருடமும் போனது.

"மூன்றே மாதத்தில் ஸ்பெஷல் எஜுகேட்டர்" என்ற விளம்பரங்களைப் பெற்றோர் பயிற்சியாக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பதிவு கிடைக்காது.

படி 5: பதிவு எண் வாங்குங்கள்

தேர்ச்சி பெற்றதும் மதிப்பெண் சான்றிதழ்களோடு ஆர்.சி.ஐ. இணையதளத்தில் விண்ணப்பித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். கடைசி வருடத்தில் ஓடாமல் வருடத்துக்கு ஒரு பயிற்சியாவது போய்விடுங்கள்.

படி 6: வேலை தேடும் இடங்கள்

மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ளன. 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், குழந்தை மருத்துவர், தெரபிஸ்டுகளோடு சிறப்பாசிரியரும் அந்தக் குழுவில் உண்டு. பள்ளிக்கல்வித் துறையில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலும், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டிலும் வேலை செய்கிறார்கள். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை தரும் 'விழுதுகள்' மையங்களையும் கவனித்து வாருங்கள். தனியார் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் தனி.

சம்பளத்தைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. அரசுத் திட்டங்களிலும் பலருக்கு ஒப்பந்தம், தொகுப்பூதியம்தான். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் குறைவு. தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலையில் 15-க்கு ஒருவர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விகிதப்படி நிரந்தரப் பணியிடங்கள் வந்தால் நிலைமை மாறும். அதுவரை குடும்பத்தில் இன்னொரு வருமானம் இருக்கிறதா என்று யோசித்து இறங்குங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது பதிவுச் சான்று, செய்முறைப் பதிவேடு, ஒரு குழந்தைக்கென்று நீங்கள் தயாரித்த ஒரு தனிநபர் கல்வித் திட்டம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பல இடங்களில் ஒரு குழந்தையை முன்னால் விட்டு, "பதினைந்து நிமிஷம் விளையாடுங்க" என்பார்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தோதான உடையில் போங்கள்; பிள்ளை பிடித்து இழுக்கும்படி தொங்கும் கம்மல் வேண்டாம்.