திரையில் கண்ட நிறம் தாளில் வர: அச்சுத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

செங்கோட்டையில் நான் கடை போட்ட இரண்டாம் வருடம், புனலூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். தமிழும் மலையாளமும் சேர்ந்த அழைப்பிதழ், 300 கார்டு. பெண்ணுக்கு எடுத்த புடவை மயில் பச்சை. கார்டின் பின்னணியும் அதே பச்சையில் வேண்டும் என்றார்கள். மானிட்டரில் காட்டினேன், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மறுநாள் மெஷினிலிருந்து வெளியே வந்ததோ வாடிய வாழையிலைப் பச்சை. டோனரை மாற்றிப் பார்த்தேன், தாளை மாற்றிப் பார்த்தேன், அதே வாட்டம்தான். கடைசியில் வேறொரு பச்சையைக் காட்டிச் சம்மதம் வாங்கி, 300 கார்டையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. என் செட்டிங் தான் தவறு. அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எண்ணும் நிறமும் ஒன்றல்ல

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சமஸ்தான காலத்தில் இங்கே ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம் (சக்கரம் என்பது அன்றைய சில்லறை நாணயம்). பக்கத்தில் தென்காசியில் புழங்கிய பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். இரண்டையும் ஒரு ரூபாய் என்றுதான் சொல்வார்கள். எந்த ஊர் ரூபாய் என்று சொன்னால்தான் மதிப்பு தெரியும்.

நிறமும் அப்படித்தான். பைலில் சயான் (பச்சை கலந்த நீல மை) 80, மஞ்சள் 100 என்று இருந்தால் அது வெறும் எண். எந்த மெஷினில், எந்த மையில், எந்தத் தாளில் என்று சொல்லும்போதுதான் அது ஒரு நிறம் ஆகிறது. அப்படிச் சொல்லும் சிறு பைலுக்குப் பெயர் புரொஃபைல். 1993-இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி என்ற அமைப்பு இதற்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. அதனால்தான் இன்று எந்த சாஃப்ட்வேரும் எந்த மெஷினின் புரொஃபைலையும் படிக்கிறது.

போட்டோஷாப்பில் 'அசைன் புரொஃபைல்' என்றும் 'கன்வர்ட் டு புரொஃபைல்' என்றும் இரண்டு கட்டளைகள் உண்டு. கன்வர்ட் என்பது சக்கரக் கணக்குப் பார்த்துப் பணம் மாற்றுவது. எண் மாறும், மதிப்பு அப்படியே இருக்கும். அசைன் என்பது கையில் இருக்கும் நாணயத்தின் பெயரை மட்டும் மாற்றிச் சொல்வது. எண் அப்படியே இருக்கும், மதிப்பு மாறிவிடும். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இனி வரும் எல்லா செட்டிங்கிற்கும் பின்னால் இருப்பது ஒரே விதி: ஒவ்வொரு எண்ணும் யாருடைய எண் என்று தெரிய வேண்டும், மாற்றுவது ஒரே ஒரு தடவைதான் நடக்க வேண்டும்.

முதலில் திரை

மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் கழித்து நிறம் பாருங்கள். விண்டோஸில் 'நைட் லைட்' ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள், அது திரையை மஞ்சளாக்கிவிடும். வெளிச்சத்தைக் குறையுங்கள். கடையில் வாங்கி வந்தபடியே வைத்தால் திரை கண்ணைப் பறிக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தால் எந்தத் தாளும் இருட்டாகத்தான் தெரியும். வெள்ளை ஆர்ட் பேப்பர் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை இறக்குங்கள். ஸ்பைடர், காலிப்ரைட் போன்ற அளவுக்கருவி வாங்க முடிந்தால் மாதம் ஒருமுறை அளந்துவிடலாம். நான் ரொம்ப நாள் கழித்துத்தான் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

சாஃப்ட்வேரில் ஒரு தடவை செய்ய வேண்டியது

போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் 'கலர் செட்டிங்ஸ்' திறங்கள். நீங்கள் எதையும் தொடாமல் விட்டிருந்தால், பெரும்பாலும் சிஎம்ஒய்கே (சயான், ரோஸ் நிற மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மை) இடத்தில் 'யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப்' என்று இருக்கும். அது அமெரிக்காவில் ரீல் தாளில் ஓடும் பத்திரிகை மெஷினுக்கானது. நமக்குப் பக்கத்தில் தனித்தனித் தாளாக ஓடும் ஷீட்ஃபெட் ஆஃப்செட்டுக்குப் பொருந்தாது. மேலே உள்ள பட்டியலில் 'யூரோப் ஜெனரல் பர்பஸ் 3' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆர்ஜிபிக்கு (திரை காட்டும் சிவப்பு, பச்சை, நீலம்) எஸ்ஆர்ஜிபி என்ற பொது புரொஃபைலும், சிஎம்ஒய்கேவுக்கு 'கோட்டட் ஃபோக்ரா39'உம் வந்துவிடும். ஃபோக்ரா என்பது ஜெர்மனியில் மியூனிக் பக்கம் உள்ள அச்சு ஆராய்ச்சி நிலையம். 39 என்பது ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அடிக்கும்போது வரும் நிறத்தை அளந்து அவர்கள் வெளியிட்ட தரவு.

கீழே 'பாலிசிஸ்' மூன்றிலும் 'பிரிசர்வ் எம்பெடட் புரொஃபைல்ஸ்' வையுங்கள். புரொஃபைல் வேறாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்கச் சொல்லும் டிக் எல்லாவற்றையும் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்கும். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் எடுத்துவிடாதீர்கள். ஐபோன் 7 தொடங்கி ஐபோனில் எடுக்கும் படங்கள் டிஸ்பிளே பி3 என்ற பெரிய நிற வெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் மொத்தப் பரப்பில்) இருக்கின்றன. அந்தப் பெட்டியைப் படிக்காமல் புரொஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டால் பட்டுப்புடவை எல்லாம் வெளுத்துப் போகும். புரொஃபைலை வைத்துக்கொண்டு திறந்து, அப்புறம் எஸ்ஆர்ஜிபிக்கு கன்வர்ட் செய்யுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும்.

கோரல்டிராவில் 'டூல்ஸ்' மெனுவில் கலர் மேனேஜ்மென்ட். அங்கேயும் இதே இரண்டு புரொஃபைலையும் வையுங்கள், 'பிரிசர்வ் பியூர் பிளாக்' டிக்கையும் போடுங்கள். ஒரே மேசையில் இரண்டு சாஃப்ட்வேர் இரண்டு கணக்கு வைத்திருந்தால் வம்புதான்.

அடிக்கும் முன்பே தாளைப் பார்ப்பது

அந்த மயில் பச்சைக்கு இதைச் செய்திருந்தால் 300 கார்டு தப்பியிருக்கும். திரை வெளிச்சத்தைச் சேர்த்து நிறம் காட்டுகிறது. மை தாள்மேல் படிந்து, வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையில் எரிகிற பச்சை, நீலம், ஆரஞ்சு பலவற்றை நான்கு மைகளால் எட்டவே முடியாது. எட்ட முடியாத நிறத்தை எப்படி இறக்கி வைப்பது என்பதைத்தான் 'ரெண்டரிங் இன்டென்ட்' முடிவு செய்கிறது. 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' எட்டுகிற நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, எட்டாததை மட்டும் எல்லைக்கு இழுத்து வரும். 'பெர்செப்ச்சுவல்' எல்லா நிறங்களையும் சேர்த்துச் சற்றே ஒடுக்கும், நிறங்களுக்கு இடையே உள்ள உறவு கெடாது. நான் முகம் உள்ள படங்களுக்கும் லோகோவுக்கும் ரிலேட்டிவ் வைக்கிறேன், கூடவே 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' (படத்தின் கருப்பைத் தாளின் கருப்போடு பொருத்துவது) டிக். படம் முழுக்க அடர்நிறமாக இருந்தால், பட்டுச்சேலைக் கடை விளம்பரம் மாதிரி, பெர்செப்ச்சுவல்.

பைலைத் திறந்து கண்ட்ரோல் ஒய் அழுத்துங்கள். அது சாஃப்ட் ப்ரூஃப்: தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும். ஷிஃப்ட் கண்ட்ரோல் ஒய் அழுத்தினால் மைக்கு எட்டாத இடங்கள் சாம்பல் பூசினாற்போல் தெரியும். வாடிக்கையாளருக்கு எப்போதும் சாஃப்ட் ப்ரூஃப் போட்ட திரையைத்தான் காட்டுங்கள். எங்கள் பக்கம் ஓணம் சமயத்தில் கசவு சேலையின் தங்கக்கரையை அப்படியே கேட்பார்கள். நான்கு மையில் தங்கத்தின் மினுமினுப்பு வராது, மஞ்சள் கலந்த பழுப்புதான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் ஃபாயில் ஸ்டாம்பிங் அல்லது தங்க மை.

இன்னொன்று. சயான் 100, மெஜந்தா 100 போட்டால் நீலம் வராது, ஊதாதான் வரும். நீலம் வேண்டும் என்றால் மெஜந்தாவை 60, 70-க்குள் நிறுத்துங்கள்.

கருப்பு எழுத்து

இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். வேர்டில் அடித்த கருப்பு எழுத்து ஆர்ஜிபியில் 0, 0, 0. அதைச் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது சாஃப்ட்வேர் நான்கு மையையும் கலந்து ஒரு கருப்பைச் செய்கிறது. நான்கு நிறமும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் எழுத்து தெளியும். சற்று விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி இரண்டாகத் தெரியும், ண, ஞ வளைவுகளும் மலையாள எழுத்தின் சுழிகளும் மையால் அடைத்துக்கொள்ளும். 8 பாயின்ட்டுக்குக் கீழே போனால் வயதானவர்களால் படிக்கவே முடியாது.

ஆகவே எழுத்துக்குக் கருப்பு மை மட்டும், கே 100. நீண்ட எழுத்தைப் போட்டோஷாப்பில் அமைக்காதீர்கள், இன்டிசைனிலோ கோரலிலோ அமையுங்கள். நிறப் பின்னணிமேல் வரும் கருப்பு எழுத்து ஓவர்பிரின்டில் (பின்னணியை வெட்டாமல் அதன்மேலேயே அடிப்பது) இருக்கட்டும், இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். பெரிய கருப்புப் பரப்புக்கு இந்த விதி பொருந்தாது. கே 100 மட்டும் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அதற்கு நான் வைப்பது சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிடிஎஃபை அக்ரோபாட் புரோவில் திறந்து 'அவுட்புட் பிரிவியூ' போய்க் கருப்பு மையின் டிக்கை மட்டும் எடுங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் நல்லது. நிழல் மாதிரி மிச்சம் தெரிந்தால் அங்கே வேறு மை கலந்திருக்கிறது.

கடையில் இருக்கும் லேசர் மெஷின்

சாதாரண ஆபீஸ் பிரின்டர் என்றால் பைலை எஸ்ஆர்ஜிபியிலேயே வைத்து, பிரின்ட் பெட்டியில் 'பிரின்டர் மேனேஜஸ் கலர்ஸ்' தேர்ந்தெடுங்கள். உங்கள் தாளுக்கென்று அளந்து செய்த புரொஃபைல் இருந்தால் மட்டும் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்'. அப்போது டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து மாற்றினால் ஒரே பணத்தை இரண்டு தடவை மாற்றிக் கமிஷன் கொடுத்த கதைதான்.

ஃபயரி போன்ற, பைலை அச்சுக்குத் தயார் செய்யும் சர்வர் உள்ள மெஷினில் சிஎம்ஒய்கே சோர்ஸ் என்ற இடத்தில் பைலில் உள்ள அதே புரொஃபைல், அவுட்புட் புரொஃபைலில் போட்டிருக்கும் தாளுக்கு உரியது, 'பியூர் பிளாக் டெக்ஸ்ட்' ஆன். தாளின் வகையையும் கனத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கன அளவு) ஆர்ட் கார்டை வைத்துவிட்டு 'பிளெய்ன்' என்று விட்டால் டோனர் சரியாகப் படியாது, நகத்தால் சுரண்டினால் உரியும்.

காலையில் கடை திறந்ததும் கலிப்ரேஷன். மெஷின் கட்டம் கட்டமாக ஒரு தாளை அடித்துத் தரும், அதை ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்தால் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. டோனரோ டிரம்மோ மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வரும் ஜூன், ஜூலை மாதங்களில் நான் மதியமும் ஒருமுறை செய்கிறேன். ஈரம் குடித்த தாளில் டோனர் திட்டுத்திட்டாகப் படியும், நிறமும் மங்கும். தாள் கட்டைப் பிரிக்காமல் ஒரு நாள் மெஷின் இருக்கும் அறையிலேயே வையுங்கள், வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைச் சுற்றி மூடுங்கள். இரவில் டிரேயில் தாளை விட்டுப் போகாதீர்கள். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாட்களில் எங்கள் தொழிலில் பாதிப் புகார் இதனால்தான் வருகிறது, பலரும் டோனரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சிவகாசிக்கு அனுப்பும் பைல்

ஆயிரத்துக்கு மேல் போனால் ஆஃப்செட்தான் கட்டும். அச்சகத்தாரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன தாள், எந்த புரொஃபைல், மொத்த மை எவ்வளவு தாங்கும். நான்கு மையும் நூறு நூறு என்றால் 400. அவ்வளவு மையைத் தாள் தாங்காது, காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்கு 300 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. கோட்டட் ஃபோக்ரா39-இல் 330 வரை போகும் என்பதால் அக்ரோபாட்டில் 'டோட்டல் ஏரியா கவரேஜ்' பார்த்து, மிஞ்சிய இடத்தைச் சரிசெய்யுங்கள். பூச்சு இல்லாத மேப்லித்தோ தாள் என்றால் புரொஃபைலே வேறு: 'அன்கோட்டட் ஃபோக்ரா29' போட்டோஷாப்போடு சேர்ந்தே வருகிறது.

இன்டிசைனிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது அவுட்புட் பக்கத்தில் 'கன்வர்ட் டு டெஸ்டினேஷன், பிரிசர்வ் நம்பர்ஸ்'. இதைப் போட்டால் நீங்கள் கே 100 என்று வைத்த கருப்பைத் தொடாமல் ஆர்ஜிபி படங்களை மட்டும் மாற்றும். பழைய அச்சகம் என்றால் பிடிஎஃப் எக்ஸ்-1ஏ அனுப்புங்கள், அதில் எல்லாமே சிஎம்ஒய்கேவும், தனியாகக் கலந்து வைக்கும் ஸ்பாட் நிறமும்தான். புதிய வசதி உள்ளவர்கள் எக்ஸ்-4 கேட்பார்கள். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி).

மாதிரித் தாள்

பெரிய ஆர்டருக்கு மாதிரி அடித்துக் கையெழுத்து வாங்காமல் மெஷினை ஓட்டாதீர்கள். மாதிரியைக் காட்டும் இடமும் முக்கியம். மஞ்சள் பல்பின் கீழ் சரியாகத் தெரிந்த சிவப்பு வெயிலில் வேறாகத் தெரியும். அச்சுத் தொழிலில் 5000 கெல்வின் வெளிச்சத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கு இல்லாவிட்டால் பகலில், நேர் வெயில் படாத வாசல் திண்ணையில் வைத்துக் காட்டுங்கள்.

கையெழுத்தான மாதிரியின் பின்பக்கம் தேதி, தாள், புரொஃபைல், மெஷின் நான்கையும் பென்சிலில் எழுதி, பழுப்புக் கவரில் போட்டு இருட்டான அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் அதே கோயில் கொடைக்கு, அதே குங்குமச் சிவப்பில் நோட்டீஸ் கேட்டு வருவார்கள். அன்றைக்கு அந்தக் கவரை எடுத்து, புதிதாக அடித்த முதல் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் மீதியை ஓட்டுங்கள்.